காலத்தில் தீட்டிய சித்திரம்

புல்தரையை ஒட்டி நீண்டு செல்லும் பூம்பாத்தியை ஆங்கிலேயர் 'பார்டர்' என்பர். ஓரப்பாத்தி என்று நாம் அழைக்கலாம். ஆங்கிலத் தோட்டம் என்றதும் மனக்கண்ணில் எழும் இக்காட்சி மிகத் தொன்மையானது என்று நினைத்துவிடுகிறோம். இன்று நாம் காணும் வடிவில் அதற்கு வயது இருநூறு ஆண்டுகள்கூட இல்லை.

பசும்புல்லைச் சீராக வைத்திருப்பது ஒரு காலத்தில் பெருஞ்செல்வருக்கே இயன்றது. அரிவாள் வீசப் பல ஆட்கள் வேண்டும். க்ளாஸ்டர்ஷயரின் ஸ்ட்ரௌட் நகரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர், துணி ஆலையில் கம்பளியின் மேற்பிசிறை வெட்டும் இயந்திரத்தைக் கண்டு, அதே முறையில் புல்வெட்டும் கருவியை உருவாக்கி 1830-இல் காப்புரிமை பெற்றார். புல்தரை மெல்ல நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்கும் வந்தது. செஷயரின் ஆர்லி மாளிகையில் 1846 அளவில் அமைந்த இரட்டை ஓரப்பாத்திகள் இவ்வகையில் மிகப் பழையனவற்றுள் சேரும்.

எனினும் அன்றைய நாகரிகம் வேறு. கண்ணாடி வீடுகளில் ஆயிரக்கணக்கில் வளர்த்த செடிகளைக் கோலம்போல் நட்டு, பருவம் முடிந்ததும் பிடுங்கி எறிவர். இதைக் கடுமையாக எதிர்த்தவர் வில்லியம் ராபின்சன். குளிரைத் தாங்கி ஆண்டுதோறும் தாமே துளிர்க்கும் செடிகளே தோட்டத்துக்கு அழகு என்று 1883-இல் வெளிவந்த 'தி இங்கிலிஷ் ஃப்ளவர் கார்டன்' நூலில் வாதிட்டார்.

அக்கருத்தைக் கலையாக்கியவர் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843-1932). ஓவியம் பயின்றவர், தையல் சித்திர வேலையிலும் வல்லவர். பிறவியிலேயே பார்வை மங்கல். 1891-இல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் அவரைச் சோதித்த கண் மருத்துவர், நுண்ணிய வேலைகளைக் கைவிடச் சொன்னார். தூரிகை நழுவிய கை மண்ணை முழுமையாகப் பற்றிக்கொண்டது.

சர்ரேயில் அவர் வாழ்ந்த மன்ஸ்டெட் வுட் இல்லத்தின் பெரிய ஓரப்பாத்தி ஏறத்தாழ 200 அடி நீளம், 14 அடி அகலம். பின்னால் உயர்ந்த கற்சுவர். ஒரு முனையில் சாம்பல் நிற இலைகள், வெளிர்நீலம், வெண்மை, இளமஞ்சள். நடந்து செல்லச் செல்ல அடர்மஞ்சள், செம்மஞ்சள். நடுவில் டாலியாவும் கல்வாழையும் தீயெனச் சிவக்கும். பின்னர் நிறங்கள் படிப்படியாகத் தணிந்து மறுமுனையில் ஊதாவில் அடங்கும். செந்நிறத்தில் திளைத்த கண் தானாகவே குளிர்நிறத்துக்கு ஏங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். செடிகளைச் சதுரக் கட்டங்களாக நடாமல், சாய்வான நீள்கற்றைகளாக நட்டார். ஒன்று வாடினாலும் பெரிய வெற்றிடம் தெரியாது.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். ஜீக்கிலின் திறமை பொழுதை ஆண்டதில்தான் இருக்கிறது. ஓரியண்டல் பாப்பி பூத்து மடிந்ததும் அவ்விடத்தை ஜிப்சோபிலா வெண்புகையாய் மூடும். டெல்ஃபினியம் ஓய்ந்தால் அதன் தண்டின்மேல் பின்னாலுள்ள கொடியை இழுத்துப் படரவிடுவார். அதுவும் ஓய்ந்தால் அடுத்து க்ளெமாடிஸ். கோடை நடுவிலிருந்து அக்டோபர் வரை இச்சித்திரம் கலையாமல் நிற்க, தாங்குகுச்சி நடவும் வாடியதைக் கொய்யவும் தொட்டிச் செடிகளை இடைவெளியில் செருகவும் நாள்தோறும் பல கைகள் உழைத்தன. ஜீக்கிலைப் பாடும் வரலாறு அக்கைகளுக்கு உரியவர்களைப் பெரும்பாலும் பேசுவதில்லை. முதல் உலகப் போருக்குப்பின் அத்தகைய கைகள் அருகின, கூலியும் உயர்ந்தது. பாத்திகள் குறுகின, பல அழிந்தே போயின. ஏறத்தாழ நானூறு தோட்டங்களுக்குத் திட்டமும் ஆலோசனையும் தந்தவரின் படைப்பு பெரும்பகுதி மண்ணோடு போயிற்று.

காகிதம் மிஞ்சியது. அவருடைய வரைபடங்களை அமெரிக்கத் தோட்டக் கலைஞர் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் வாங்கிக் காத்தார். அவை இன்று பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. சாமர்செட்டின் ஹெஸ்டர்கூம்பில் கட்டடக் கலைஞர் லட்யன்ஸுடன் இணைந்து அவர் அமைத்த தோட்டம் சிதைந்து கிடந்தது. தோட்டக் கொட்டகையில் கிடைத்த நடவுத் திட்டங்களைக் கொண்டு 1970-களில் அதை மீட்டனர். ஏட்டுச்சுவடியிலிருந்து இலக்கியத்தை மீட்ட மரபில் வந்த நமக்கு இது புரியாத செய்தியன்று. ஆனால் சுவடியை அச்சிட்டால் நூல் நிலைத்துவிடும். பாத்தியையோ ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் குனிந்து மறுபடி எழுதியாக வேண்டும்.