ஆறு மாதம் ஆகட்டும் என்ற காலம்

ஆறு மாதம் ஆகாத நாய்க்குட்டியை அந்தக் காலத்துப் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். சுண்டி இழுக்கும் கழுத்துச் சங்கிலியைத் தாங்கும் வயது வேண்டுமாம். நாய் பழக்கிப் பிழைக்கும் எனக்கு அந்த நியாயத்தைக் கேட்டால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

அமெரிக்காவின் பார் ஹார்பரில், மனித வாடையே படாமல் வேலிக்குள் சில குட்டிகளை வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு 1961-ல் வெளியானது. 14 வாரம்வரை ஆளோடு பழகாதவை, கை நீட்டினாலே காட்டு விலங்குபோல மிரண்டன. 3 முதல் 12 வாரம்வரைதான் பழகும் பருவம் என்று ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-ல் புத்தகமே எழுதினார்கள். வகுப்பு நடத்தியவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை!

1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் குட்டிகளுக்கென்றே வகுப்பு தொடங்கினார். வாரை அவிழ்த்துவிட்டார். குட்டிகள் கட்டிப் புரண்டன. கடித்த கடி வலித்தால் எதிராளி கத்தும், ஆட்டம் நிற்கும். பல்லை அடக்கக் கற்றது அப்படித்தான். உட்காரக் கற்றதோ தீனிக்காக.

ஊசிகள் முடியாத குட்டிக்கு வகுப்பில் பார்வோ வைரஸ் நோய் தொற்றுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் ஆனால் சேர்க்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008-ல் சொன்னது. “எல்லா ஊசியும் முடியட்டும் சார்” என்பவர்களிடம் இதைத்தான் காட்டுகிறேன்.