கடைசி மருந்தைக் காப்போம்

எவரெஸ்ட் ஏறப் புறப்பட்ட 1922, 1924 குழுக்களில் இடம்பெற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், குமரி மாவட்டத்தின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றினார். அக்காலத்தின் பெரும்பகுதியில் பெனிசிலின் புழக்கத்தில் இல்லை. சிறு புண்ணும் சீழ்பிடித்து உயிரைப் பறிக்கக்கூடிய காலம் அது. அந்நிலை திரும்பிவிடலாகாது என்பதே என் கவலை.

இக்கவலை மிகையன்று. 2019-இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக, 'லான்செட்' இதழில் 2022-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2012-இல் உருவான 'சென்னைப் பிரகடனம்' இந்தியாவுக்கான வழியை வகுத்தது. 2014 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள எச்1 அட்டவணை, ஆற்றல்மிக்க பல ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சீட்டின்றி விற்பதைத் தடுக்கிறது. ஆனால், சீட்டு எழுதும் கையை நெறிப்படுத்துவது மருத்துவமனையால்தான் இயலும்.

அதற்கு ஒரு குழு வேண்டும்: மருத்துவர், நுண்ணுயிரியலாளர், மருந்தாளுநர், தொற்றுத் தடுப்புச் செவிலியர். முதல் ஊசிக்கு முன்பே ரத்தமோ சிறுநீரோ கல்ச்சர் பரிசோதனைக்கு எடுக்கப்பட வேண்டும். உயிருக்குப் போராடும் நோயாளிக்கு முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது. மருந்தை உடனே தொடங்கத்தான் வேண்டும். ஆனால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அம்முடிவைப் பார்த்து, மருந்தைத் தொடர்வதா, குறைப்பதா, நிறுத்துவதா எனத் தீர்மானிக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் தரும் தடுப்பு மருந்தைப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் நீட்டத் தேவையில்லை. கோலிஸ்டின் போன்ற கடைசிப் புகலான மருந்துகளைக் குழுவின் ஒப்புதலோடு மட்டுமே வழங்க வேண்டும்.

சிறிய மருத்துவமனைகளில் நுண்ணுயிரியலாளருக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதை மையமாகக் கொண்டு வட்டார, தனியார் மருத்துவமனைகளின் மாதிரிகளைச் சோதித்து, எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்ற மாவட்ட அட்டவணையை ஆண்டுதோறும் வெளியிடலாம். அருகிலுள்ள கேரளம் 2018-லேயே மாநிலச் செயல்திட்டத்தைத் தொடங்கிவிட்டது. களியக்காவிளையைக் கிருமி கடப்பதற்குச் சோதனைச்சாவடி தடையில்லை. எல்லைக்கு இப்பாலும் அதே கண்டிப்பு இருந்தால்தான் இரு பக்கத்துக்கும் பயன்.

இத்திட்டத்துக்குப் பெரிய இயந்திரங்களைவிட, எழுதிய சீட்டை மறுபடி பார்க்கும் பழக்கமே முதன்மையானது. மூத்த மருத்துவர் எழுதியதை இளைய மருந்தாளுநர் கேள்வி கேட்கும் உரிமையை நிர்வாகம் தர வேண்டும். நமக்கும் பங்குண்டு. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. "மருந்து வேண்டாம், ஓய்வு போதும்" என்று சொல்லும் மருத்துவரை விட்டு, 'பவரான' ஊசி போடும் இடம் தேடிப் போகிறோம். இன்று வீணாக்கும் அந்த ஊசி, நாளை நம் வீட்டுப் பச்சிளங்குழந்தைக்குத் தேவைப்படும்போது பலனளிக்காமல் போகலாம்.