சிறுவேட்டை: வீரகேரளம்புதூர் வட்டாரம்

முயல், கௌதாரி, காடை, கானாங்கோழி, உடும்பு, வெள்ளெலி, பழந்தின்னி வௌவால் முதலிய சிறு பிராணிகளைக் கண்ணி, வலை, நாய், துப்பாக்கி ஆகியவற்றின் துணையால் பிடித்து உண்ணும் பழக்கம், தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் நெடுங்காலமாக இருந்து வந்தது. இன்று சட்டத்தால் பெரும்பாலும் தடுக்கப்பட்டிருந்தும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. திரிகூட மலையில் பிறந்து, குற்றாலத்தில் அருவியாக விழுந்து ஓடிவரும் சிற்றாறு, அனுமன் நதியோடு கூடும் பகுதியில், ஊற்றுமலை ஜமீனின் தலைமையிடமாக விளங்கிய இவ்வூர் அமைந்திருக்கிறது. மேற்கே மலைக்காடு, நடுவே கால்வாயும் குளமும் பாய்ச்சும் நெல்வயல், அப்பால் உடைமரம் நிற்கும் மானாவாரிப் பொட்டல் என மூவகை நிலமும் ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடுவதால், சிறு பிராணிகளுக்கும் அவற்றைத் தேடி அலைந்த மனிதருக்கும் இது வாய்ப்பான பிரதேசமாயிற்று.

இவ்வேட்டையின் பழமைக்கு இலக்கியச் சான்றைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், சிங்கன் என்னும் பறவை வேடன், நூவன் என்ற துணைவனோடு, குற்றாலநாதருக்குரிய வயல்களில் வந்திறங்கும் பறவைகளுக்குக் கண்ணி வைக்க முற்படுகிறான். எந்தப் பறவை எந்த வயலில் இறங்கும், எங்கே மேயும் என்று அறிந்திருந்த ஒரு கூட்டத்தாரின் அநுபவ ஞானத்தை அந்நூலில் காண்கிறோம். அந்த ஞானத்தை இழிவாக எண்ணுவது தவறு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. பறவை நூல் வல்லுநர்கள் ஏட்டில் எழுதுவதற்கு முன்பே அதைக் காலால் நடந்து கற்றவர்கள் அவர்கள்.

பிடிக்கும் முறைகள் பிராணிக்கேற்ப வேறுபட்டன. கௌதாரிக்குப் பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவச் செய்வார்கள். தன் எல்லைக்குள் வேறொன்று புகுந்துவிட்டதென்று கருதிச் சண்டைக்கு ஓடிவரும் காட்டுக் கௌதாரி, சுற்றி வைத்த கண்ணியில் காலைக் கொடுக்கும். குளங்கள் நிரம்பும் கார்த்திகை, மார்கழியில் நீர்ப்பறவைகளுக்கு வலை. அறுவடை முடிந்தபின் வரப்பை வெட்டி வளையிலிருந்து எலி. முயல் மட்டும் வளை தோண்டுவதில்லை. புல்லிடையே உடல் படிந்த சிறு பள்ளத்தில் பகலெல்லாம் அசையாது கிடந்து, ஆள் காலடி வைக்கும் தறுவாயில் துள்ளி ஓடும். அந்த ஓட்டத்தை வெல்லவே சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் உடைய நாயினங்கள் தென்பாண்டிச் சீமையில் பேணப்பட்டன. பிற்காலத்தில் வந்த தலைவிளக்கு இந்தச் சாமர்த்தியம் அனைத்தையும் தேவையற்றதாக்கிவிட்டது. இருளில் ஒளி கண்ணில் பட்டவுடன் முயல் திகைத்து நின்றுவிடும். அதன்பின் நடப்பதை வேட்டையென்று சொல்ல மனம் வரவில்லை.

பிடிபட்ட முயலைப் பின்னங்காலில் கட்டித் தொங்கவிட்டு, கணுக்காலைச் சுற்றிக் கீறி, தோலைக் கையால் கீழ்நோக்கி உரிப்பார்கள். சிறு பறவையாயின் இறகு பிடுங்கி, வைக்கோல் தீயில் வாட்டி, மஞ்சள் தடவிக் கழுவுவர். காட்டு முயலின் மாமிசம் கருஞ்சிவப்பாகவும் கொழுப்பு மிகக் குறைந்ததாகவும் இருக்கும். ஆகையால் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து, மண்சட்டியில் நெடுநேரம் வேகவைப்பது வழக்கம். கொழுப்பு குறைந்த இத்தகைய முயல் மாமிசத்தை மட்டுமே உண்டு வாழ முயன்ற வட அமெரிக்கக் குளிர்ப் பிரதேசத்தார், வயிறு நிறைய உண்டும் மெலிந்து நோயுற்றார்கள். சோறும் எண்ணெயும் கூடவே இருக்கும் நம் நாட்டில் அக்கவலை இல்லை.

நம்மவர் கவலைப்பட வேண்டியவை வேறு. உடல்நலத்துக்கு வரும் கேடு, உண்ணும் வாயைவிட உரிக்கும் கையின் வழியாகவே மிகுதியாக நுழைகிறது. நன்கு கொதித்த குழம்பில் பெரும்பாலான கிருமிகள் மாண்டுவிடும். ஆனால் சட்டிக்குப் போகுமுன் இரத்தமும் குடலும் சிறுநீரும் வெறுங்கையில் படுகின்றன, வயல் வேலை செய்த கையிலோ கீறலும் வெடிப்பும் இல்லாத நாளில்லை. எலியின் சிறுநீரகத்தில் தங்கி அதன் சிறுநீரோடு வெளிவரும் லெப்டோஸ்பைரா கிருமி இப்புண்களின் வழியே உட்புகுந்து, கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவற்றை உண்டாக்கி, முற்றினால் மஞ்சட்காமாலையிலும் சிறுநீரகக் கேட்டிலும் கொண்டுபோய் விடும். புதரிலும் எலி உலவும் இடத்திலும் வாழும் நுண்ணிய உண்ணியின் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சலும் தமிழ்நாட்டில் அரிதன்று. அக்குளிலோ இடுப்பிலோ வலியற்ற கரும்பொருக்கு ஒன்று காணப்படுவது அதன் அடையாளம். குளிர்நாடுகளில் முயலை உரிப்போருக்கு வரும் துலரேமியா என்ற நோய்க்கு அஞ்சி, அங்குள்ள வேட்டைக்காரர்கள் கையுறை அணிகிறார்கள். நம் ஊரில் அவ்வழக்கமே இல்லை.

உடும்பைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கே பசியைவிட நம்பிக்கையே மனிதனை அபாயத்துக்கு இழுத்துச் செல்கிறது. உடும்பின் பிடி உறுதியானது, ஆகவே அதை உண்பவனின் இடுப்பும் உறுதிப்படும் என்று எண்ணி, அதன் ஈரல் முதலியவற்றைப் பச்சையாக உண்போர் உண்டு. அதில் உள்ள அபாயம் இது: எலியின் நுரையீரல் நாளங்களில் வாழும் புழு ஒன்றின் குஞ்சுகள் எலிப்புழுக்கை வழியே நத்தைக்குள் புகுகின்றன. நத்தையைத் தின்னும் உடும்பின் தசையிலும் ஈரலிலும் அவை உயிரோடு தங்குகின்றன. பச்சையாக உண்டவனின் குடலைத் துளைத்து இரத்தத்தின் வழியே மூளையை அடைகின்றன. சில நாட்களில் தாங்கமுடியாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, தோலில் ஊசி குத்துவது போன்ற எரிச்சல் தோன்றும். சிலர் நினைவிழப்பதும் உண்டு. பச்சை உடும்பு உண்டபின் இந்த மூளையுறை அழற்சிக்கு ஆளான நோயாளிகளைக் கேரளத்து நரம்பியல் மருத்துவர்கள் ஆராய்ந்து மருத்துவ ஏடுகளில் பதிவுசெய்திருக்கிறார்கள். பலம் தரும் என்று உண்டது மனிதனைப் படுக்கையில் கிடத்துகிறது.

வௌவாலின் மாமிசம் ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்பதும் இத்தகைய ஆதாரமற்ற நம்பிக்கையே. பழந்தின்னி வௌவால் நிபா வைரஸுக்கு இயற்கையான உறைவிடம். 1998-99இல் மலேசியாவில் பன்றிகளின் வழியாகப் பரவி நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற இந்நோய், 2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் தோன்றி 17 உயிர்களைப் பலிகொண்டது. குற்றாலத்திலிருந்து, கேரளத்துக்கு வழியான ஆரியங்காவுக் கணவாய் வெகுதொலைவில் இல்லை. இரவில் பல மைல் பறந்து இரை தேடும் அப்பிராணிக்கு மாநில எல்லை ஒரு தடையுமல்ல.

இயற்கையான நோய்களோடு மனிதன் சேர்த்த விஷங்களும் உண்டு. துப்பாக்கி ரவையின் ஈயம் தசைக்குள் பொடித்துகளாகச் சிதறுகிறது. பல்லில் கடிபடும் ரவையைத் துப்பிவிடலாம், கண்ணுக்குத் தெரியாத துகளை என்செய்வது? இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லக்கூடிய ஈய அளவு இரத்தத்தில் இல்லையென்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அதனால் பெரிதும் பாதிக்கப்படுவர். கார்போபியூரான் போன்ற குருணைப் பூச்சிமருந்தைத் தானியத்தில் கலந்து தூவிப் பறவைகளைக் கொல்வது இன்னும் கொடியது. வயலில் காரணமின்றிச் செத்துக் கிடக்கும் பறவையை எடுத்துச் சமைப்பவர், அடுப்பின் சூடு அந்த விஷத்தைப் போக்கிவிடும் என்று நம்பிவிடக் கூடாது.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் நான்கு அட்டவணைகளில் அடங்கிய பிராணிகளை வேட்டையாடுவதை 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அறவே தடைசெய்தது. 2022இல் நிறைவேறி, 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. முதல் அட்டவணையிலுள்ள உடும்பைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை உண்டு. முயலும் கௌதாரியும்கூடப் பாதுகாக்கப்பட்டவையே. பொங்கலை ஒட்டி முயல் வேட்டைக்குப் புறப்படுவது சில ஊர்களில் மரபு என்று சொல்லப்பட்டாலும், சட்டம் அதற்கு விலக்கு அளிக்கவில்லை. காடைக் கறியில் விருப்பமுள்ளோர் இம்மாவட்டத்துப் பிரானூர் பார்டர்ப் புரோட்டாக் கடைகளில் உண்பது ஜப்பானியக் காடை இனத்தைச் சேர்ந்த பண்ணைப் பறவை; வளர்ப்பு முயலும் காட்டு முயலினின்று வேறுபட்ட ஐரோப்பிய இனம். நாவின் ஆசைக்கு இவை போதும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

வேட்டைப் பிராணியையோ வயலெலியையோ தொட்டு அறுத்தபின் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டவர், வழக்குக்கு அஞ்சியோ வெட்கத்தாலோ அதை மறைக்காமல், எதைத் தொட்டோம், எதை உண்டோம், எப்போது என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். லெப்டோஸ்பைரா காய்ச்சலும் ஸ்க்ரப் டைபஸும் காலத்தோடு கண்டறியப்பட்டால் எளிய மருந்துகளுக்கே கட்டுப்படுவன.