கைராசியும் கணக்கும்

மகளுக்கு ஐந்து வயதுத் தடுப்பூசி போட்டுக்கொண்டு அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குத் திரும்பிய அன்று இரவு, பள்ளியில் கேட்டார்கள் என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். முந்தைய ஊசிகள் ஒவ்வொன்றின் எதிரிலும் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சிறிய ஸ்டிக்கர் இருந்தது: மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி. அன்றைய கட்டத்தில் தேதியும் கையெழுத்தும் மட்டுமே இருந்தன.

மறுநாள் போய்க் கேட்டேன். "அஞ்சு வருஷமா வர்றீங்க, இப்பத்தான் சந்தேகம் வந்துச்சா? நம்பிக்கை இல்லேன்னா வேற டாக்டரைப் பாருங்க மேடம்" என்றார். வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் அது கேட்டது. கல்லூரியில் நாளெல்லாம் "கேள்வி கேளுங்கள்" என்று மாணவிகளிடம் சொல்கிற நான், "சும்மாதான் கேட்டேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் 'சும்மாதான்' ஒரு மாதம் என்னை உறுத்தியது.

டாக்டரை மாற்றுவது எளிதாக இல்லை. மகளுக்கு இரண்டு வயதில் டெங்கு வந்தபோது நள்ளிரவில் போனை எடுத்தவர் அவர். "பழகின டாக்டர், விடேன்" என்றார் கணவர். "கைராசிக்காரர்மா. மாத்தினா கைராசி போயிடும்" என்றார் மாமியார். நோயாளி குணமாவதற்கு மருத்துவரின் கையில் உள்ள ராசியே காரணம் என்று நம்பும் இந்தச் சொல் நம் வீடுகளில் இன்னும் புழங்குகிறது. ராசியை நம்பலாம், அதனிடம் விளக்கம் கேட்க முடியாது. என் சிக்கல் அதுதான் என்று அப்போது தெரியவில்லை. வழக்கம்போல நூலகத்துக்குப் போனேன்.

அதற்கு முன் என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநின்றவூர்ப் பக்கத்துக் கிராமம். அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தால் பாட்டி என் அம்மாவை நெற்குதிருக்குள் இறக்கி மூடிவிடுவாராம். எங்கள் குடும்பத்தில் இது நகைச்சுவைக் கதை. படிக்காத கிழவி, மாரியாத்தாளுக்குப் பயந்தவள் என்று சொல்லிச் சிரிப்போம். கதையின் மறுபாதியை அம்மா எனக்குச் சொன்னது மிகத் தாமதமாக. மூத்த பையனுக்குக் குத்திய இடம் சீழ்பிடித்துக் கை வீங்கியது. குத்தியவர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். "வீங்கினா யாரைப் போய்க் கேக்குறது?" என்பதுதான் பாட்டியின் கேள்வி. பதில் சொல்ல ஆள் இல்லாததால்தான் குதிர். பிறகு அம்மாவுக்கும் குத்தினார்கள். வட்டத் தழும்பு இன்றும் அவர் கையில் இருக்கிறது. அந்தத் தழும்புகளால்தான் பெரியம்மை ஒழிந்தது என்பதையும், 1980இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது என்பதையும் நான் மறக்கவில்லை. பாட்டி கேட்டது தவறான கேள்வி இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டு வயது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு இந்தியாவின் முதல் அம்மைத் தடுப்பூசி போடப்பட்டது. அவள் கையில் எழும்பிய கொப்புளத்தின் நீரை எடுத்து அடுத்த குழந்தைகளுக்குக் குத்தினார்கள். மருந்தைக் கெடாமல் வைக்க வழியில்லாத அந்தக் காலத்தில் குழந்தையின் உடம்பே குப்பி. எட்டாம் நாள் வாக்கில் கொப்புளத்தைக் கீறி எடுக்க, குழந்தையை மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும். எந்தத் தாய் தயங்கமாட்டாள்? காலனிய அறிக்கைகள் அந்தத் தயக்கத்துக்கு 'மூடநம்பிக்கை' என்று பெயரிட்டன.

சென்னையில் இதற்கு ஒரு தமிழறிஞர் வழி கண்டார். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் எழுதியவரும் குறளுக்கு உரை செய்தவருமான எல்லிஸ் துரைதான் அவர். பசுவம்மைப் பாலைக் குத்திக்கொள்வது நல்லது என்று சொல்ல, சக்திக்கும் தன்வந்திரிக்கும் நடக்கும் உரையாடலாகப் புராணப் பாங்கில் ஒரு தமிழ்ப் பிரதியை எழுதினார். தமிழ் படித்தவளாக எனக்கு அந்த முயற்சி மேல் வியப்பு உண்டு. தாய்மார் யார் சொன்னால் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. திருவேற்காட்டுக் கருமாரியின் முன் இன்றைக்கும் வேப்பிலையோடு நிற்கும் பெண்களைப் பார்த்தால் அது நமக்கும் புரியும். ஆனால் பெண்ணாகப் படிக்கும்போது வேறொன்றும் தெரிகிறது. அம்மனின் வாயில் அரசின் சொல் வைக்கப்பட்டது. கை வீங்கினால் யாரைக் கேட்பது என்பதற்கு அந்த உரையாடலின் வடிவத்தில் இடமே இல்லை. அதில் பேசுபவர்கள் தெய்வங்கள், தாய்க்குக் கேட்டுக்கொள்ளும் வேலை மட்டும்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியவில்லை. 2008 ஏப்ரலில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு கைக்குழந்தைகள் சிறிது நேரத்தில் இறந்தன. அதன்பின் தமிழக அரசு, கிராமங்களுக்கே வந்து ஊசி போடும் முறையை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் முன்னிலையில் போடச் சொன்னது. பாதுகாப்பு நோக்கில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. ஆனால் ஊருக்குள் வந்த ஊசிக்காகத் தாய் அப்போது பஸ் ஏற வேண்டியிருந்தது, ஒரு நாள் கூலியை விட வேண்டியிருந்தது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசிகளும் பெற்ற ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகள் 2005–06இல் 80.9 சதவீதம், 2015–16இல் 69.7 சதவீதம். இடையில் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சம்பவமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 2019–21இல் அது 89.2 ஆக ஏறியும்விட்டது. இறங்கியபோதும் 2017 தட்டம்மை–ரூபெல்லா முகாமின்போதும் 'வாட்ஸப் வதந்தியை நம்பும் அம்மாக்கள்' என்றே பேசினோம். வதந்தி பொய்தான். ஆனால் நம் மாவட்டத்துத் தாய்க்கு 2008 வதந்தி இல்லை, நினைவு. அந்த நினைவோடு வருகிறவளுக்கு உட்கார்த்திப் பதில் சொல்ல வேண்டும். அதட்டினால் அவள் வாயை மூடிக்கொள்வாள், அடுத்த முறை வரமாட்டாள்.

இதைப் படித்த பிறகுதான் என் நிலை எனக்கு விளங்கியது. அந்தத் தாய்க்கு டாக்டரை மாற்றும் வசதி கிடையாது, எனக்கு இருக்கிறது. இருந்தும் கேட்கத் தயங்கினேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அரைப் பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வரவேற்பிலிருந்த பெண் ஒரு மாதிரி பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு தாள் கைக்கு வந்தது. மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் சரியாக இருந்தன. ஊசி முறையாகவே போடப்பட்டிருந்தது. ஸ்டிக்கர் ஒட்ட மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"பாத்தியா, அநாவசியமா சந்தேகப்பட்ட" என்றார் கணவர். ஆனால் டாக்டரை மாற்றுவது என்று நான் முடிவு செய்தது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான். ஒரு நிமிட வேலை அது. "ஒட்ட மறந்துட்டாங்க, இதோ பாருங்க" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டியிருந்தால் நான் அவரை இன்னும் கூடுதலாக நம்பியிருப்பேன். அவர் தவறு செய்யாதவர் என்பது மட்டும் எனக்குப் போதவில்லை. நாளைக்கு மகளுக்கு நிஜமாகவே ஏதாவது ஆனால், அவரிடம் கேட்கப் பயந்து நான் ஒரு நாள் தள்ளிப்போட்டுவிடுவேன். அந்த ஒரு நாள்தான் என் பயம்.

நன்றி சொல்லிவிட்டுத்தான் விலகினேன். டெங்கு இரவை மறக்கவில்லை. நன்றிக்கடனுக்காகப் பெண்கள் கேள்வியை விழுங்குவது நம் வீடுகளில் பழைய பழக்கம். அதை மகளுக்குக் கொடுக்க விருப்பமில்லை.

புதிய மருத்துவர் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம், இரண்டு பஸ் மாற வேண்டும். அவரும் அவசரக்காரர்தான், கூட்டமும் குறைவில்லை. ஆனால் இந்த ஆண்டு ஃப்ளூ ஊசி போடும் முன் நர்ஸ் குப்பியை என் முன்னே நீட்டி, "தேதி பாத்துக்கோங்கம்மா" என்றார். நான் பார்த்தேன். மகளும் எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடிக்கும் வரை அவர் காத்திருந்தார்.