காரணத்தை எழுத்தில் கேட்டவர்கள்

ஒரு கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பினால், அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்பது நம் ஆய்வு மாணவிகள் பலருக்குத் தெரியாது. எங்கள் நெய்வேலி நகரியத்தில் குடியிருப்புக் குழாய் ஒழுகினால் எங்கே சொல்வது, சொல்லியும் நடக்காவிட்டால் அடுத்து யாரிடம் போவது என்று எல்லா வட்டத்துப் பெண்களுக்கும் தெரியும். அதே வீட்டுப் பெண், மூன்று வருட உழைப்பில் எழுதிய கட்டுரைக்குத் 'தரமில்லை' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால், "விடுங்க மேடம், வேற இதழுக்கு அனுப்பிக்கலாம்" என்கிறாள். இதை அடக்கம் என்று பாராட்ட எனக்கு மனமில்லை. கேட்பதற்கு ஒரு வழி உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வழி உண்டான கதையில் பெண்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதை அவர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கதையை ஸ்வீடனில் தொடங்கலாம். அங்கே மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஒன்று, முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு ஆய்வு நல்கை கொடுத்துவந்தது. 1995இல் 20 இடங்களுக்கு 114 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 52 பேர் பெண்கள். இடம் கிடைத்ததோ 4 பெண்களுக்கு. கிறிஸ்டின் வென்னெராஸ், அக்னெஸ் வோல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மதிப்பீட்டாளர்கள் யாருக்கு எவ்வளவு மதிப்பெண் போட்டார்கள் என்று காட்டுங்கள் என்றார்கள். அது ரகசியம் என்று குழு மறுத்தது. இருவரும் விடவில்லை. விஷயம் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அந்த மதிப்பெண்கள் அரசு ஆவணங்கள், மக்கள் பார்க்கலாம் என்று 1995இல் தீர்ப்பு வந்தது.

பட்டியலைக் கையில் வாங்கிக் கணக்குப் போட்டார்கள். ஓர் ஆண் பெற்ற அதே மதிப்பெண்ணை ஒரு பெண் பெற, அவள் இரண்டரை மடங்கு அதிகமாகச் சாதித்திருக்க வேண்டியிருந்தது. 'நேச்சர்', 'சயின்ஸ்' போன்ற இதழ்களில் கூடுதலாக மூன்று கட்டுரைகள். அல்லது அந்தந்தத் துறையின் நல்ல இதழில் கூடுதலாக இருபது. குழு உறுப்பினர்களுக்கு வேண்டியவர்களுக்கும் இதே அளவு சலுகை கிடைத்திருந்தது. (சொந்தக்காரர், தெரிந்தவர் என்று இடம் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!) 1997 மே மாதம் இது 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. நல்கைக் குழுவில் நடந்ததுதான், ஆய்விதழில் நடந்தது இல்லை. ஆனால் ஆய்விதழிலும் இருப்பது அதே முகம் தெரியாத மதிப்பீட்டாளர், அதே மூடிய உறை. காரணம் எழுத்தில் கைக்கு வந்த பிறகே அநீதியை எண்ணிக் காட்ட முடிந்தது.

அதே 1997இல் பிரிட்டனில் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் சிலர் கூடிப் பதிப்பு நெறிமுறைக் குழுவைத் தொடங்கினார்கள். கோப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இன்று ஒரு நல்ல ஆய்விதழ் தன் பக்கங்களில் மேல்முறையீட்டுக்கும் புகாருக்கும் வழிமுறை எழுதி வைக்கவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுவதற்கு இந்தக் குழுவின் நெறிகள் முக்கியக் காரணம். இரண்டும் வேறு வேறு என்பதை மாணவிகள் மனதில் வைக்கவேண்டும். கட்டுரையைப் பற்றிய முடிவு தவறு, மதிப்பீட்டாளர் தரவைத் தவறாகப் படித்திருக்கிறார் என்றால் அது மேல்முறையீடு. ஒரு வருடமாகப் பதிலே இல்லை, மதிப்பீட்டாளர் என் சாதியையோ பாலினத்தையோ இழுத்து எழுதியிருக்கிறார், என் கருத்து அவர் கட்டுரையில் வந்துவிட்டது என்றால் அது நடத்தை பற்றிய புகார். முதலில் இதழிடம் கேட்க வேண்டும். அங்கே வழியெல்லாம் அடைபட்ட பிறகு, அந்த இதழ் உறுப்பாக இருந்தால், கோப் தலையிடும். கட்டுரையை ஏற்கச் சொல்லாது, முறைப்படி நடந்தீர்களா என்று மட்டும் கேட்கும்.

நம் நாட்டில் அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று விசாகா தீர்ப்பு வந்தது. பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் குழுவுக்குப் பெண் தலைமை, உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகாருக்கு உள்ளானவரின் கையிலேயே புகாரைக் கொடுக்கக் கூடாது என்ற எளிய அறிவை இந்தியப் பணியிடங்களுக்குக் கொண்டுவந்த தீர்ப்பு அது. அதற்குக் காரணமான ராஜஸ்தான் கிராம ஊழியர் பன்வாரி தேவியின் சொந்த வழக்கிலோ, குற்றம் சாட்டப்பட்டவர்கள் 1995இல் விடுதலையானார்கள். அதை எதிர்த்த மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2013 சட்டம், குழுவின் முடிவை எதிர்த்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. கல்லூரியில் வேலை பார்க்கும் நமக்கு இந்தச் சட்டம் ஓரளவு தெரியும். அதன் தர்க்கத்தை ஆய்விதழுக்கும் பொருத்திப் பார்ப்பதில்லை. பெரும்பாலான தமிழ் இதழ்களில் மறுத்தவரும் மேல்முறையீட்டைப் படிப்பவரும் ஒரே ஆசிரியர்தான்.

ஆய்விதழ் மேல்முறையீட்டில் எல்லாரும் அறிந்த நிகழ்வு 2015இல் நடந்தது. ஃபியோனா இங்கிள்பி, மேகன் ஹெட் இருவரும் பரிணாம உயிரியலாளர்கள். முனைவர் பட்டத்திலிருந்து அடுத்த நிலைக்குப் போகும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடுகளை ஆராய்ந்து 'பிளாஸ் ஒன்' இதழுக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு மதிப்பீட்டைக் காட்டிக் கட்டுரை மறுக்கப்பட்டது. ஓரிரு ஆண் உயிரியலாளர்களைச் சேர்த்துக்கொண்டு எழுதினால் நல்லது என்று அந்த மதிப்பீட்டாளர் யோசனை சொல்லியிருந்தார். ஆண்களுக்கு உடல்வலு அதிகம், அதனால் அதிக நேரம் உழைக்கிறார்கள் என்ற விளக்கமும் இருந்தது. முறைப்படி மேல்முறையீடு செய்தார்கள். மூன்று வாரம் உருப்படியான பதில் இல்லை. ஏப்ரல் இறுதியில் இங்கிள்பி அந்த வரிகளை ட்விட்டரில் போட்டார். ஓரிரு நாளில் இதழ் மன்னிப்புக் கேட்டது. மதிப்பீட்டாளரைப் பட்டியலிலிருந்து நீக்கியது, பொறுப்பாசிரியரை விலகச் சொன்னது, கட்டுரையைப் புதிய ஆசிரியருக்கு அனுப்பியது. மூன்று வாரத்தில் நடக்காதது மூன்று நாளில் நடந்தது என்று பலரும் இதைக் கொண்டாடினார்கள். எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி இல்லை. ஆங்கிலத்தில் எழுதி, உலகத்தின் கவனத்தைப் பெறக்கூடியவர்களுக்கு அந்த வழி திறந்தது. விருத்தாசலத்திலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் பெண்ணுக்கு இதழின் உள் வழிதான் வேண்டும்.

புகார் எப்போதும் எளியவர் கையில் இருக்கும் ஆயுதமும் இல்லை. 2017 ஜூனில் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் அதானி குழுமம் பற்றி வந்த ஒரு கட்டுரைக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது. இதழை நடத்தும் சமீக்ஷா அறக்கட்டளை கட்டுரையை நீக்கச் சொன்னது. ஜூலை 18 அன்று ஆசிரியர் பரஞ்ஜய் குஹா தாக்குர்தா பதவி விலகினார். தங்களைக் கேட்காமல் ஆசிரியர் நோட்டீஸுக்குப் பதில் அனுப்பியதே தவறு என்றது அறக்கட்டளை. 1985 முதல் பெண்ணிய ஆய்வுக்குத் தனிப் பகுதி கொடுத்துவந்த இதழ் அது. பணமுள்ளவரின் புகாருக்கு எத்தனை வேகமாகப் பதில் கிடைக்கிறது என்பதை இங்கே பார்த்தோம்.

சரி, தமிழுக்கு வருவோம். ஆய்வேட்டைக் கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று 2009இல் யு.ஜி.சி. விதித்தது. அந்தத் தேவையைத் தின்று வளர்ந்தவைதான் கட்டண இதழ்கள். 2018 மே மாதம் யு.ஜி.சி. தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2019இல் கேர் பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. இடையில் 2022 விதிகள் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டன. ஆனால் கட்டுரை எண்ணிக்கை கேட்கும் பழக்கம் நேர்காணல் அறைகளிலிருந்து போகவில்லை. பணம் கட்டினால் நாலு நாளில் ஏற்புக் கடிதம் தரும் இதழில் மறுப்பு என்பதே கிடையாது. மறுப்பு இல்லாத இடத்தில் மேல்முறையீடு ஏது? மறுக்கக்கூடிய நல்ல இதழ்களோ பெரும்பாலும் தொலைபேசியில் மறுக்கின்றன. சங்கப் பெண்பாற் புலவர்களைப் பற்றி எழுதிய மாணவி ஒருத்தியிடம், "இன்னும் கொஞ்சம் கனமா எழுதும்மா" என்றாராம் ஓர் ஆசிரியர். கனம் என்றால் என்ன, எந்தப் பத்தியில் குறை? எழுத்தில் ஒன்றும் இல்லை. வென்னெராஸும் வோல்ட்டும் நீதிமன்றத்தில் வாங்கியது இவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே ஆய்வு முறையியல் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். கற்பனையான மறுப்பு ஒன்றைப் பலகையில் எழுதிவிடுவேன். மதிப்பீட்டாளர் சொன்னதை எடுத்துக்காட்டி, தன் கட்டுரையின் பக்க எண் கொடுத்து, காரணத்தை எழுத்தில் தரும்படி இதழுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும். அழக்கூடாது, திட்டக்கூடாது, மன்னிப்புக் கேட்கக்கூடாது. சென்ற முறை வகுப்பில் பன்னிரண்டு பெண்கள். ஒன்பது கடிதங்கள் 'மன்னிக்கவும்' என்று தொடங்கின. பன்னிரண்டுமே 'மதிப்பிற்குரிய ஐயா' என்று விளித்திருந்தன. பலகையில் நான் எழுதியிருந்த ஆசிரியர் பெயர் ஒரு பெண்ணின் பெயர்.