எழுதுகோலிலிருந்து மக்கள் மன்றத்துக்கு: மலாயாத் தமிழ் இதழாளர் சென்ற வழி

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்றை இவ்வுரையின் தொடக்கத்தில் நினைவுகூர விரும்புகிறோம். மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி, எதிரே துரையோ கிராணியோ வரக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும் என்பது அக்காலத் தோட்டத்து வழக்கம். அவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அக்கோரிக்கை. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, முறையான மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்கு இழைக்கப்படும் தொல்லைகளுக்கு முடிவு, பேசவும் கூடவும் உரிமை ஆகியவையும் அப்பட்டியலில் இருந்தன. கூலி உயர்வும் சைக்கிளிலிருந்து இறங்காதிருக்கும் உரிமையும் ஒரே தாளில் அருகருகே நின்றன. வயிற்றையும் மானத்தையும் பிரித்துப் பார்க்காத மக்களின் குரல் அது.

அக்குரலுக்கு முன்னின்றவர்களுள் ஒருவர் ஓர் இதழாளர். கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த தமிழ் நேசன் ஏட்டின் துணையாசிரியராகப் பணிபுரிந்த ஆர். எச். நாதன் என்பவரே அவர். செய்தி எழுதும் மேசையை விட்டு ஒருவர் ஏன் தோட்டத்து மண்ணில் இறங்கினார்? இறங்கியவர் எங்கே சென்று சேர்ந்தார்? இவ்விரு வினாக்களையும் பற்றிக்கொண்டு, இதழியலிலிருந்து அரசியலுக்குச் சென்ற வழியை இவ்வுரையில் ஆராய முயல்வோம்.

இத்தகைய பயணம் உலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவில் நியூயார்க் டிரிபியூன் இதழை நிறுவிய ஹோரஸ் கிரீலி 1872இல் அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். 1920ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் எதிரெதிரே நின்ற வாரன் ஹார்டிங், ஜேம்ஸ் காக்ஸ் ஆகிய இருவருமே ஒஹாயோ மாநிலத்துச் செய்தித்தாள் உரிமையாளர்கள். யார் வென்றாலும் ஒரு பத்திரிகை முதலாளியே வெள்ளை மாளிகைக்குள் நுழைவார் என்னும் நிலை அன்று இருந்தது. தமிழகத்திலோ, 1878இல் தி இந்து ஏட்டையும் 1882இல் சுதேசமித்திரனையும் தொடங்கியவர்களுள் முதன்மையானவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1885இல் பம்பாயில் கூடிய காங்கிரசின் முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தார். பிற்காலத்தில் திராவிட நாடு இதழை நடத்திய அண்ணாவும் முரசொலியை நடத்திய கலைஞரும் அடுத்தடுத்து முதலமைச்சர் ஆயினர். தினத்தந்தியை நிறுவிய சி. பா. ஆதித்தனார் சட்டப்பேரவைத் தலைவராக அமர்ந்தார்.

இவர்கள் எல்லோருக்கும் ஒன்று பொதுவாக இருந்தது. இவர்களின் எழுத்தைப் படித்தவர்கள், உடனடியாகவோ சிலகாலம் கழித்தோ, வாக்களிக்கும் உரிமை பெற்றவர்களாய் இருந்தனர். வாசகன் வாக்காளனாகவும் ஆனான். மலாயாவில் நிலைமை வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டாலன்றி நாதனின் கதை நமக்கு விளங்காது.

தமிழ் நேசன் 1924இல் கி. நரசிம்ம ஐயங்காரால் கோலாலம்பூரில் தொடங்கப்பெற்றது. அன்றைய பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் வட்டாரங்களில் இரயில்வே ஊழியர்களும் எழுத்தர்களும் குடியிருந்தனர். கிள்ளான், கோலசிலாங்கூர்ப் பக்கங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் சுற்றியிருந்து கேட்பது அக்காலத்து வாசிப்பு முறை. எனவே ஓர் ஏட்டின் படிகளை எண்ணி அதன் செல்வாக்கை அளவிடுவது பொருந்தாது; அதைக் கேட்ட செவிகளையும் எண்ண வேண்டும்.

1930களில் தோட்டத் தொழிலாளரின் கூலி, இரப்பரின் சந்தை விலையோடு ஏறுவதைவிட இறங்குவதே மிகுதியாக இருந்தது. 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றியது. 1938இல், திறன்சாராத் தொழிலாளர் உதவி பெற்று மலாயாவுக்குக் குடிபெயர்வதை இந்திய அரசு தடைசெய்தது. அடுத்த ஆண்டு உலகப்போர் மூண்டது. போருக்கு வேண்டிய இரப்பரின் தேவை பெருகியது. பண்டங்களின் விலையும் ஏறியது. கூலி மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 காசு என்னும் அளவிலேயே தயங்கி நின்றது. பக்கத்துத் தோட்டத்துச் சீனத் தொழிலாளர் தம்மினும் கூடுதலாகப் பெறுவதைத் தமிழ்த் தொழிலாளர் கண்கூடாகக் கண்டனர்.

இச்சூழலில்தான் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோன்றியது. நாதன் அதன் முன்னணியில் நின்றார். குறைகளைச் செய்தியாக எழுதிய கை, அவற்றையே கோரிக்கைப் பட்டியலாக வரிசைப்படுத்தியது. சிதறிக் கிடக்கும் முறையீடுகளைத் திரட்டி, உண்மையை வதந்தியினின்றும் பிரித்து, எளிய சொற்களில் வரிசையாக வைப்பது இதழாளரின் அன்றாடத் தொழில். தோட்டத்து லயங்களில் அத்திறன் ஓர் ஆயுதமாக மாறியது என்றே நாம் கருதுகிறோம்.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் வேலைநிறுத்தங்கள் தொடங்கின; சிறிதளவு கூலி உயர்வும் கிடைத்தது. ஆயினும் மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். உடனே தொழிலாளர் திரண்டு கிள்ளானை நோக்கி வந்தனர். வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. காந்தி குல்லாய்கள் அணியப்பட்டன. காங்கிரசுக் கொடிகள் பறந்தன. படை வரவழைக்கப்பட்டது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர், பலர் சிறைப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

அவருக்கு எதிராக ஆட்சியாளர் பயன்படுத்திய கருவி எது என்பதை மாணவர்கள் கருத்தூன்றிக் காணவேண்டும். குடியேறியவன் இம்மண்ணுக்கு உரியவன் அல்லன் என்னும் கோட்பாடே அக்கருவி. நாதனுக்கு எதிராக எந்தத் தேர்தலிலும் எவரும் போட்டியிட வேண்டியதில்லை. ஒரு கப்பல் பயணம் போதுமானதாயிற்று.

இலங்கையின் கதையை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர் தேசநேசன், தேசபக்தன் ஆகிய இதழ்களை நடத்தினார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினார். 1925இல் சட்டசபைக்குச் சென்றார். 1931இல் இலங்கைக்கு அனைவருக்குமான வாக்குரிமை வந்தபின், 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்வானார். நடேசய்யரும் நாதனும் ஒரே மொழியில் எழுதினர். ஒரே வகைத் தோட்டங்களில், ஒரே வகைக் குறைகளுக்காகப் போராடினர். முன்னவரின் வழி சட்டமன்றத்தில் முடிந்தது. பின்னவரின் வழி துறைமுகத்தில் முடிந்தது. இவ்வேறுபாட்டுக்குத் தனிமனிதரின் ஆற்றலை மட்டும் காரணமாகக் கூறல் தகாது. அங்கே தொழிலாளியின் கையில் வாக்குச்சீட்டு இருந்தது. இங்கே அது இல்லை. இலங்கையிலும் அவ்வுரிமை நிலைக்கவில்லை. நாடு விடுதலை பெற்ற சிறிது காலத்திலேயே மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட, வாக்கும் அதனோடு போயிற்று.

போருக்குப் பிந்திய மலாயாவில் இதே பாடத்தை மிக நன்றாக உணர்ந்தவர் தமிழ் முரசின் நிறுவனர் கோ. சாரங்கபாணி. சிங்கப்பூரில் 1935இல் அவர் தொடங்கிய அவ்வேடு தீபகற்பம் முழுவதும் படிக்கப்பட்டது. அவர் தேர்தல் களத்தில் பதவி நாடியவர் அல்லர். குடியுரிமை பெறுங்கள் என்று தமிழரை நோக்கி ஓயாது வலியுறுத்தியதே அவர் செய்த அரசியல். அதன் இன்றியமையாமையை ஒரே ஓர் எண் உணர்த்தும். 1955இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் பதிவுபெற்ற வாக்காளருள் இந்தியர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையில் தமக்கிருந்த பங்கில் பாதியைக்கூட அவர்கள் வாக்காளர் பட்டியலில் பெறவில்லை.

வாக்குரிமை விரிந்தபோது இதழாளர்க்கும் வழி திறந்தது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்த எஸ். இராஜரத்தினம் சிரம்பானில் வளர்ந்தவர். கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் பயின்றவர். சிங்கப்பூரில் ஆங்கில இதழ்களில் எழுதிப் புகழ்பெற்ற அவர், 1954இல் மக்கள் செயல் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரானார். 1959இல் இதழ்ப்பணியைத் துறந்து தேர்தலில் நின்று வென்று, பண்பாட்டு அமைச்சரானார். 1965இல் அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரானார். அதே காலத்தில் உத்துசான் மெலாயுவை நிறுவி நடத்திய யூசோப் இஷாக் சிங்கப்பூரின் முதல் அதிபராக உயர்ந்தார்.

கோலாலம்பூரில் ஆதி நாகப்பனை நாம் நினைக்கவேண்டும். தமிழ் நேசனோடு தொடர்புகொண்டு இதழியலில் இயங்கிய அவர், ம.இ.கா.வின் தலைவர்களுள் ஒருவராகி மேலவை உறுப்பினரானார். ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டபின் அமைக்கப்பெற்ற அரச விசாரணை ஆணையத்துக்கு அவரே தலைவர். ஊராட்சி மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றே அவ்வாணையம் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் நியமன முறையே நிலைபெற்றது. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ வாழ்பவர் தம் நகராட்சி உறுப்பினரை இன்றளவும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஏற்கப்படாத அவ்வறிக்கை, வாக்கு என்னும் பழைய வினாவுக்கே நம்மைத் திரும்ப அழைத்து வருகிறது.

இப்பயணத்துக்கு எதிர்த்திசையும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. இதழாளர் அரசியலுக்குச் செல்வது போல, அரசியலும் இதழகத்துக்குள் வரும். 1961இல் உத்துசான் மெலாயு ஊழியர், ஆளுங்கட்சியின் பிடி தம் ஏட்டின் மீது இறுகுவதை எதிர்த்து மூன்று மாத காலம் வேலைநிறுத்தம் செய்து தோற்றனர். தமிழ் நேசனும் பிற்காலத்தில் ம.இ.கா. தலைவர் ஒருவரின் குடும்பத்தினர் கைக்குச் சென்றது. 2019 ஜனவரி இறுதியோடு, 94 ஆண்டுகள் கடந்த அவ்வேடு நின்றுபோனது.

மேசையை விட்டு இறங்கிய இதழாளன், அதுவரை பிறரிடம் கேட்ட கேள்விகளுக்குத் தானே விடைசொல்ல வேண்டியவன் ஆகிறான். மேசைக்கு வந்து அமர்ந்த அரசியலாளனோ, தன்னிடம் கேட்கப்படும் கேள்விகளைத் தானே திருத்தும் வாய்ப்பைப் பெறுகிறான். முன்னதில் இடர்ப்படுபவன் இதழாளன். பின்னதில் இழப்புக்கு ஆளாகிறவன் வாசகன். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பெரும்பிழை.

ஆசிரியர்கள் தம் வகுப்பறையில் நாட்டு வரலாற்றைக் கற்பிக்கையில் 1941ஐப் போர் வந்த ஆண்டாக மட்டும் கூறாது, கிள்ளான் எழுந்த ஆண்டாகவும் கூறவேண்டுகிறோம். அக்கோரிக்கைத் தாளைப் படிக்கும் மாணவன், அதை வகுத்தோருள் ஒருவர் செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து வந்தவர் என்பதையும் அறியட்டும். தோட்டத்துச் சாலையில் தமிழன் ஒருவன் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்வதற்காக, எழுதுகோல் பிடித்தவர் ஒருவர் தாம் வாழ்ந்த நாட்டையே இழந்தார்.