மடங்காத விரல்கள்

கையை விரித்து ஒருமுறை மடக்கிப் பாருங்கள். விரலில் இந்தக் கணுக்கள் எப்படி வந்தன என்று நாம் யோசிப்பதில்லை. விரலை மடக்க முடியாமல் பிறந்தவர்கள்தான் விஞ்ஞானிகளை யோசிக்க வைத்தார்கள்.

மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடியான ஹார்வி குஷிங், 1916-ல் ஓர் அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றி எழுதினார. தலைமுறை தலைமுறையாக அதில் பலருக்கு விரலின் நடுக் கணு இல்லை; எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பரம்பரையாக வருகிறது என்பது புரிந்தது. காரணம் புரியவில்லை.

கருவில் கை முளைக்கும்போது விரல்கள் தனித்தனி எலும்புகளாக உருவாவதில்லை. முதலில் தொடர்ச்சியான குருத்தெலும்புக் குச்சிதான். மூட்டு வரவேண்டிய இடத்தில் மட்டும் செல்கள் குருத்தெலும்பாவதை நிறுத்தித் தட்டையாகின்றன. பிறகு அங்கே பிளவு விழுகிறது. அந்த இடத்தில் "நிறுத்து" என்று சொல்வது யார்?

1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு மருத்துவர், சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். அங்கே புது எலும்பு வளர்ந்தது! எலும்பை வளர்க்கச் சொல்லும் புரதங்கள் இருப்பது இப்படித் தெரியவந்தது. அவற்றின் உறவுக்காரப் புரதமான ஜி.டி.எஃப்.5 கெட்டுப்போனால் எலிகளுக்குக் கால் எலும்புகள் குட்டையாகி, சில மூட்டுகளும் காணாமல் போகின்றன என்று 1994-ல் கண்டார்கள்.

வளர்க்கும் புரதம் இருந்தால் அதற்குக் கடிவாளமும் வேண்டுமே. தவளைக் கருவில் 1992-ல் கண்டறிந்த 'நாகின்' என்ற புரதம்தான் அது. நாகின் இல்லாத எலிக்குட்டிகளில் குருத்தெலும்பு அளவுமீறி வளர்ந்து, மூட்டே உருவாகவில்லை என்று 1998-ல் தெரிந்தது. மறு வருடமே, குஷிங் எழுதிய அதே குறையுள்ள குடும்பங்களில் நாகின் மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். 83 வருடக் கேள்விக்கு விடை கிடைத்தது.

நம் ஊரில் குழந்தை இப்படிப் பிறந்தால், கிரகணத்தன்று வெளியே வந்தாயா என்று தாயைத்தான் கேட்பார்கள். பாவம், அவள் என்ன செய்வாள்? ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும்.

இன்னொன்றும் உண்டு. முட்டைக்குள் கோழிக்குஞ்சை அசையவிடாமல் செய்தால் மூட்டுகள் சரியாகப் பிரிவதில்லை என்று 1966-லேயே காட்டினார்கள். புரதங்கள் இடம் குறித்தாலும், அசைந்தால்தான் மூட்டு முழுமையாகும். தாய் உணர்வதற்குப் பல வாரங்கள் முன்பே வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிவிடுகிறது.